நன்றிமடல் எழுதும் நெறி

கைம்மாறு கருதாது ஈவதே தானம். அங்ஙனமாயின், ஈந்தவர்க்கு நன்றிமடல் எதற்கு எனச் சிலர் வினவுவர். எதிர்பாராமை கொடுத்தவரின் பண்பு. அதனைக் காட்டிப் பெற்றவர் தம் கடமையினின்று நீங்கலாகாது.

எனினும், பெருந்தொகை தந்தவர்க்குப் புகழுரை நிறைந்த மடலும், பத்து ரூபாய் தந்த மூதாட்டிக்கு வெறும் ரசீதும் அனுப்புதல் முறையன்று. முன்னவரிடம் மானகஷாயத்தை வளர்க்கிறோம். பின்னவரின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துகிறோம். முறை, பொருளின் தகுதி, கொடுப்போர், கொள்வோர் ஆகிய நான்கினால் தானம் சிறப்புறும் என்பது உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. தொகையின் பெருமை அந்நான்கனுள் இல்லை. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருமேனிகளைச் செய்வித்தோரின் பெயரும் ஊரும் காண்கிறோம். பணியே பேசப்படுகிறது, செலவன்று.

ஆகவே, மடல் கொடுத்தவரைப் புகழ்வதினும் கொடை ஆற்றிய பணியைக் கூறுக. எத்தனை பிள்ளைகட்கு நூல் வாங்கினோம், எத்தனை பிணியாளர்க்கு மருந்தளித்தோம், மீதம் எவ்வளவு என்பவற்றை உள்ளவாறே எழுதுக. அனைவர்க்கும் ஒரே மடல் செல்லட்டும். அடுத்த நன்கொடைக்கான வேண்டுகோளை அதில் சேர்த்தல் வேண்டா. சேர்ப்பின் நன்றி விண்ணப்பமாகிவிடும். பெயர் வெளிவர விரும்பாதவரின் மடல் அவர் கைக்கு மட்டுமே செல்க. அவர் பெயரை அச்சிடாது காத்தலும் நன்றியேயாம்.