விலையில் அடங்காத வரவேற்பு

காசு பெற்றுக்கொண்டு படைக்கும் உணவை விருந்தோம்பல் என்று சொல்லலாமா? 'ஆகாது, அது வாணிபம்' என்பர் பலர். அக்கருத்தில் உண்மை உண்டு. எனினும், சென்னைவாசிகள் இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூரும் ஓர் உணவகத்தை முன்வைத்து இவ்வினாவைச் சற்றே ஆராய்வோம்.

உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து, சமையற்கூடத்தில் சிறு வேலைகள் பார்த்து உயர்ந்தவர் கே. கிருஷ்ணராவ். அவருடைய உட்லண்ட்ஸ் நிறுவனம் 1962ஆம் ஆண்டில் கதீட்ரல் சாலையில், மரங்கள் அடர்ந்த தோட்டத்தினிடையே 'டிரைவ்-இன்' உணவகத்தைத் திறந்தது. காரில் அமர்ந்தவாறே உண்பதற்கென அமைந்த இடம் அது. ஆயினும், கார் இல்லாதவர்களும் அதனைத் தம் வீட்டுத் திண்ணையாக்கிக் கொண்டனர். மாணவரும், விற்பனைப் பிரதிநிதிகளும், எழுத்தாளரும் ஒரு குவளைக் காப்பியோடு நெடுநேரம் உரையாடினர்.

காப்பிக்கு விலை உண்டு. அந்த நிழலுக்கும் நேரத்துக்கும் விலை போட்டவர் யார்? பில்லில் எழுதப்படாத அந்தப் பகுதியே விருந்தோம்பல். 2008இல் அவ்வுணவகம் மூடப்பட்டபோது மக்கள் வருந்தியது தோசைக்காக அன்று. தோசை எங்கும் கிடைக்கும். அவர்கள் இழந்தது, 'இரு' என்று சொன்ன ஓர் இடத்தை. 2010 முதல் அங்கே செம்மொழிப் பூங்கா விளங்குகிறது.

இன்னுமொன்று: வீட்டு விருந்துக்கு நாம் விரும்பியவரையே அழைக்கிறோம், உணவகமோ நாம் தேர்ந்தெடுக்காத மனிதரை நம் அருகில் அமர்த்துகிறது. இந்நிலை எளிதில் வந்ததன்று. 1941 வரை தென்னாட்டு இரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கும் ஏனையோருக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. கிளர்ச்சியின் பின்னரே அவை நீங்கின. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மதம், சாதி முதலியவற்றின் பெயரால் உணவகங்களில் எவரையும் தடுக்கலாகாது என விதித்தது. சட்டம் கதவைத் திறக்கும். முகமலர்ச்சியை அதனால் கட்டளையிட இயலாது. அது மனிதர் தாமே தர வேண்டியது.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் நமக்குப் பெருமை. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஈமானோடு இணைத்துரைத்தார்கள். ஆனால், அந்த ஸஹனைச் சுற்றி அமர்பவர் யார்? பெரும்பாலும் உற்றாரும், நம்மை ஒத்த வசதியுடையோரும்தாமே? பக்கத்துத் தெருவில் தனித்து உண்ணும் வெளியூர் இளைஞனுக்கு அதில் இடம் உண்டா?

உணவகத்தின் வாசலில் காசில்லாதவன் நின்றுவிடுகிறான். வீட்டின் வாசலில் அறிமுகமில்லாதவன் நின்றுவிடுகிறான். முன்னதைக் குறை கூற நமக்குத் தயக்கமில்லை. பின்னதைத் திருத்துவதோ நம் கையிலேயே இருக்கிறது. அதற்குச் சட்டம் தேவையில்லை, ஸஹனில் ஒருவருக்கு இடம் ஒதுக்கினால் போதும்.