பறங்கிக்காயும் எளிமையும்

எளிமை என்ற வார்த்தை நம்மிடையே பாராட்டாகவே புழங்குகிறது. ஒரு கவிதையை எளிமையானது என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விமர்சகன் உழைக்க வேண்டியதில்லை. எது நீங்கியதால் அந்த எளிமை வந்தது, நீக்கியது யார் என்று கேட்பவர் குறைவு. கவிதையை வைத்துக் கேட்டுப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு பதார்த்தத்தை வைத்துக் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

ஜப்பானியர் இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் வரை செய்யும் கபோச்சா நிமோனோ என்பது அந்தப் பதார்த்தம். கபோச்சா நம் பறங்கியின் உறவுக் காய். கரும்பச்சைத் தோல், ஆழ்ந்த மஞ்சள் சதை. நிமோனோ என்றால் சாற்றில் வேகவைத்தது, அவ்வளவுதான். விதையை வழித்துவிட்டுத் தோலோடு துண்டம் போடுகிறார்கள். தோல் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காகப் பரப்பி, கொஞ்சம் தண்ணீர், சர்க்கரை, மிரின் என்கிற இனிப்பு அரிசி மது, சோயா சாறு. பாத்திரத்தின் வாயைவிடச் சிறிய மூடி ஒன்றைக் காயின்மேல் படும்படியே வைத்துவிடுகிறார்கள். துண்டங்கள் புரளாது, இருக்கிற கொஞ்சம் சாறும் மூடியில் முட்டித் திரும்பி எல்லாவற்றையும் நனைக்கும். வெந்ததும் இறக்கி ஆறவிட வேண்டும். ஆறும்போதுதான் ருசி உள்ளே இறங்குகிறது. தாளிதம் கிடையாது. நம் சந்தைப் பறங்கியில் செய்து பார்த்தேன். நீர் அதிகம், அவர்களுடையதுபோல மாவாக வரவில்லை. ஆனால் விஷயம் பிடிபட்டது.

அக்கறையுள்ள சமையல்காரர்கள் இதில் இன்னொன்று செய்கிறார்கள். துண்டங்களின் ஓரக் கூர்மையைக் கத்தியால் லேசாகச் சீவிவிடுகிறார்கள். கூர்மை இருந்தால் வேகும்போது ஒன்றோடொன்று உரசி உதிர்ந்து சாறு கலங்கிவிடும். சாப்பிடுகிறவன் கண்ணுக்கு இந்த வேலை தெரியாது; தெரியக்கூடாது என்பதுதான் வேலையே. அடுப்பில் அரைமணி என்று சொல்கிற கணக்கில் இது சேராது. கோடையின் முடிவில் பறித்த காயைச் சில வாரம் சும்மா வைத்திருந்தால்தான் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் என்பதும் சேராது. டிசம்பர் 21, 22 வாக்கில், வருஷத்தின் மிகக் குறுகிய பகலன்று, இந்தக் காயைச் சாப்பிடுவது அங்கே வழக்கம். பச்சைக் காய்கறி அரிதான நாட்களுக்காக யாரோ வாங்காமல், வெட்டாமல், விற்காமல் காத்து வைத்திருந்த காய் அது.

ஆனால் இவையெல்லாம் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு கசப்பில் இருக்கிறது. பறங்கியின் காட்டு இனங்கள் கடுமையாகக் கசப்பவை. குகுர்பிட்டாசின் என்ற நச்சின் வேலை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், யானையின் தூரத்து உறவான, அழிந்துபோன மாஸ்டடானின் சாணத்தில் இவற்றின் விதைகள் கிடைத்திருக்கின்றன. பெரிய மிருகங்களுக்குக் கசப்பை உணரும் மரபணுக்கள் குறைவு, சிறிய பிராணிகளுக்கு அதிகம் என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தின்று விதை பரப்பிய பெரிய மிருகங்கள் மறைந்ததும் இந்தக் கொடிகள் நாதியற்றுப் போயின. மெக்ஸிகோவின் வாஹாகாவில் கிலா நகிட்ஸ் என்ற குகையில் இந்தப் பேரினத்தின் ஒரு வகையை மனிதர் பயிரிட்டதற்கான விதைகள் கிடைத்தன. வயது சுமார் 10,000 வருஷம். வெவ்வேறு இனங்களில், அமெரிக்கக் கண்டங்களின் வெவ்வேறு இடங்களில், இதே காரியம் தனித்தனியே நடந்திருக்கிறது. முதலில் சதை வாயில் வைக்க லாயக்கில்லை. விதைக்காகவோ ஓட்டுக்காகவோ வளர்த்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ கடித்துப் பார்த்திருக்கிறார்கள். கசந்ததைத் துப்பிவிட்டு, கசக்காததின் விதையை முடிந்து வைத்திருக்கிறார்கள். ஏமாந்து விழுங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

அவர்களுக்குப் பெயர் இல்லை. காய்க்கு வைத்த பெயரிலும் அவர்கள் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் மூலம் ஜப்பானுக்கு வந்தபோது, கம்போடியாச் சரக்கு என்ற எண்ணத்தில் அது கபோச்சா ஆயிற்று. (இன்று அங்கே அதிகம் விற்பது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து போன வேறு இனம். பெயர் மட்டும் பழையது.) நாம் கொண்டுவந்தவனையே காய்க்குச் சூட்டிவிட்டோம். பெயரில் கப்பல்காரன் இருக்கிறான், துப்பியவள் இல்லை. அப்புறம் அதையும் மறந்து, மார்கழிக் கோலத்தில் சாணியுருண்டைமேல் அதன் பூவைச் செருகி, ஆதியிலிருந்தே நம்முடையது என்று இருக்கிறோம்.

ஒவ்வொரு கவளத்துக்கும் சரித்திரத்தை இழுத்தால் சாப்பிடுவது எப்படி என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். சாப்பாட்டுக்கு முன் பத்தாயிரம் வருஷத்துக்கு நன்றி சொல்வது எனக்கும் பாசாங்காகவே படுகிறது. நன்றியை நாம் பல சமயம் நம்மை அழகாகக் காட்டத்தான் உபயோகிக்கிறோம். என் ஆட்சேபம் வேறு. ‘நான் ஒன்றும் செய்யவில்லை, காய் தானாகவே இனிக்கிறது’ என்று சமைத்தவர் சொல்லும்போது அதில் பாதி அடக்கம், பாதி அபகரிப்பு. தன் பங்கைக் குறைத்துச் சொல்கிற அதே மூச்சில் மற்றவர்களின் பங்கை இயற்கையின் பேரில் எழுதிவிடுகிறார். வரிகள் தானாக வந்தன என்று சொல்லும் கவிஞர் செய்வதும் இதுதான். அவர் கைக்குப் பேச்சுமொழி வந்து சேருமுன் எத்தனை பேர் எத்தனை வரிகளைக் கடித்துத் துப்பியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதிருக்கலாம். தெரிந்தும் ‘தானாக’ என்றால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வேலை முடிந்துவிடவும் இல்லை. தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கும் கசப்பு ரகங்களோடு மகரந்தம் கலந்து, எடுத்து வைத்த விதையிலிருந்து திடீரென்று ஒரு கசப்புக் காய் வந்துவிடுவதுண்டு. வேகவைத்தாலும் நச்சுப் போகாது. தின்றவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இதைப் படித்தபிறகு, நறுக்கியதும் ஒரு துணுக்கைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைப் பாத்திரத்தில் போடுகிறேன். இதுவரை கசக்கவில்லை.