வீடும் விருப்பமும்

தோட்டப்புறத்தில் வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. பால்மரம் சீவும் வரையில்தான் லயத்தில் இடம். வேலை போனால் கூரையும் போகும் என்றஞ்சியே பெற்றோர் பலர் பிள்ளைகளின் கையிலும் சீவுகத்தியைக் கொடுத்தனர்.

1969இல் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகம் செபராங் ஜெயாவை உருவாக்கியது. அருகிலேயே பிறைத் தொழிற்பேட்டை. 1980களில் மலிவு விலை வீட்டிற்கு அரசு வகுத்த உச்சவிலை 25,000 வெள்ளி. ஏழைக்கு அதுவும் பெருந்தொகையே. ஆயினும், வேலை மாறினாலும் வீடு நிலைக்கும் என்ற நிம்மதி பிறந்தது.

இன்று வீட்டுக் கடன் முப்பத்தைந்து ஆண்டு வரை நீள்கிறது. மேலே பயில விரும்பும் மகன், தந்தையின் மாதத் தவணையை எண்ணித் தொழிற்சாலைக்குப் போகிறான். தலைக்கு மேல் கூரை வேண்டியே பட்ட கடனாயின் யாரைக் குறைகூற இயலும்? அண்டைவீட்டாரின் முகப்பைப் பார்த்து வாங்கிய பெருவீடாயின், அதன் விலையில் ஒரு பகுதியை மகனின் படிப்பே செலுத்துகிறது. லயத்துத் தந்தைக்கு வேறு வழியில்லை. இவருக்கோ சிறிய வீடொன்று இருந்தது.