அழிக்கும் உரிமை

ஒத்தக்கடையில் எந்தத் தெருவில் நின்று செல்போனைத் தூக்கினாலும் பின்னால் யானைமலை வந்துவிடும். கல்யாணம், காதுகுத்து, புது பைக், மழைத்தண்ணி தேங்கிய ரோடு, எல்லாவற்றிலும் அது படுத்திருக்கிறது. இருபது வருடத்துப் படங்கள், நாற்பதாயிரத்துக்கு மேல், என் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. ‘அம்மா போன்’, ‘புதுசு 2’, ‘எல்லாம்’ என்று போல்டர்களுக்குப் பெயர். அடுக்க உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்விக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை. இதில் எதை அழிக்க எனக்கு உரிமை இருக்கிறது?

மங்கலான படம், ஒரே காட்சியின் ஏழாவது பிரதி, யாரென்றே தெரியாத கூட்டம். குப்பை என்றுதான் கை சொல்கிறது. ஆனால் எது குப்பை என்று எடுத்த காலத்திலேயே தீர்ப்பு சொல்ல முடிவதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஆய்வாளர்களுக்காகச் செய்த வேலை அது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலை எந்தக் கோயிலுடையது என்று நிறுவ உதவியது அந்தச் சேகரிப்பில் இருந்த 1994ஆம் வருடப் படம். 2014இல் நடராஜர் நாடு திரும்பினார். படத்தோடு ஊரும் வருடமும் சேர்ந்திருந்ததால் அது சாட்சியானது. ‘எல்லாம்’ என்ற போல்டரில் கிடந்திருந்தால் யார் தேடியிருப்பார்கள்?

எங்கள் பக்கம் மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகளையே அறுத்தெடுத்தார்கள். 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது ஜனங்கள் எதிர்த்து நின்றதால் மலை தப்பியது. தப்பாமல் போயிருந்தால் காதுகுத்துப் படத்தின் பின்னணியும் ஆவணம்தான்.

அதனால் நான் பழைய போல்டர்களைக் கலைப்பதில்லை. முதலில் முழுவதையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அங்கங்கே சிலதைத் திறந்தும் பார்க்கிறேன். ‘கட்’ பண்ணி நகர்த்துவது கிடையாது. பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது நகல் வெளியூரில், தங்கச்சி வீட்டில். புதிய போல்டருக்கு வருடம், மாதம், தேதி, ஊர் என்ற வரிசையில் பெயர். காலவரிசை தானாக அமைந்துவிடும். வாட்ஸப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும், தெரிந்தவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். ‘அம்மா போன்’ மட்டும் அப்படியே இருக்கிறது. ரேஷன் கார்டுக்கும் பேரன் சிரிப்புக்கும் நடுவில் ஒரு மருந்துச் சீட்டு. அந்த வரிசை அம்மாவுடையது.

அப்படியானால் எதையுமே அழிக்கக்கூடாதா? இங்கேதான் என் வாதம் தடுமாறுகிறது. அத்தை ஒருநாள் சொன்னார்: “ஏய்யா, ஆஸ்பத்திரில மொட்டத் தலையோட கெடந்தேன்ல, அந்தப் படத்த எடுத்துரு. நான் போனப்பெறகு அதையா பாப்பீக?”

மலைக்கு வெட்கம் கிடையாது, அத்தைக்கு உண்டு. எடுத்தவன் நான்தான், ஆனால் கட்டிலில் கிடந்தது அவர். என்றோ வரப்போகும் யாரோ ஒருவருக்கு நான் பட்டிருக்கும் கடன், எதிரே உட்கார்ந்து கேட்பவரின் சொல்லைவிடப் பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று நகலிலும் அழித்தேன். ஒன்றை மட்டும் ஒளித்து வைத்திருந்தால் அது அத்தையிடம் சொன்ன பொய்.

கேட்க முடியாதவர்கள் மிச்சம் இருக்கிறார்கள். இறந்த தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் நாங்கள் நின்று எடுத்த படம் ஒன்று உண்டு. அதில் அவர் வாய் துணியால் கட்டியிருக்கிறது. சித்தப்பா அதை வேண்டும் என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். இப்போதைக்கு ஊர் பெயர் போடாமல், தேதி மட்டும் போட்ட போல்டரில் அது தனியாக இருக்கிறது.