வாசலில் மறிக்கப்பட்ட உரிமை

2018 ஏப்ரல் 28, மலேசியப் பொதுத்தேர்தலின் வேட்புமனுத் தாக்கல் நாள். நெகிரி செம்பிலானின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் போட்டியிட வந்த டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி, கையில் நுழைவு அனுமதிச் சீட்டு (பாஸ்) இல்லை என்று மனுத்தாக்கல் மையத்தின் வாசலிலேயே தடுக்கப்பட்டார். மந்திரி பெசாராக (மாநில முதல்வராக) இருந்த முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். சட்டமன்றத்துக்கு யாரை அனுப்புவது என்று சொல்லும் வாய்ப்பு ரந்தாவ் மக்களுக்குக் கிடைக்கவே இல்லை.

இதைச் சின்ன நிர்வாகக் குளறுபடி என்று தள்ளிவிடுவது அறமாகாது. வாசலில் ஒருவரை மறித்ததால் ஒரு தொகுதியே தன் குரலை இழந்தது. கூட்டம் கூடும் இடத்தில் ஒழுங்கு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்கு உரிமையைக் காப்பதற்காக ஏற்பட்டது. உரிமையையே விழுங்கினால் அதற்கு ஒழுங்கு என்ற பெயர் பொருந்தாது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். சிலம்பைக் கையில் ஏந்திக் கண்ணகி மதுரை அரண்மனை வாசலில் நின்றபோது, காவலன் சேதி சொல்ல, பாண்டியன் அவளை உள்ளே வரவிட்டான். வழக்கில் தவறிய அரசன்கூட வாசலை அடைக்கவில்லை. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி ஒரு பசுவுக்கும் எட்டும் இடத்தில் தொங்கியது என்கிறது பெரியபுராணம். செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், எவர் பக்கமும் சாயாத ஆராய்ச்சியையே முறை என்றார். பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர், குடவோலைத் தேர்தலுக்கு நிற்பவரின் தகுதிகளை ஊரறியக் கல்லில் பொறித்து வைத்தது. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 21ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: ஆட்சியில் பங்கு பெறுவது ஒவ்வொருவரின் உரிமை.

உரிமை கெஞ்சிப் பெறுவதல்ல என்பது ரந்தாவைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் புதிய பாடமாக இருக்கக்கூடாது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பிறகும், துரையும் கிராணியும் கங்காணியும் மனம் வைத்தால்தான் எதுவும் நடக்கும் என்ற நிலை நீடித்தது. லயத்து வீடுகூட வேலையோடு ஒட்டியிருந்தது. கேட்டுப் பெறுவதைக் கெஞ்சிப் பெறுவதாகவே பழகிய தலைமுறைகள் அவை. இன்று மலேசிய அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 8ஆம் பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் ஊதியம் தர வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். மனித உரிமை என்பது சம்பளச் சீட்டிலும் அரசாங்க முகப்பிடத்திலும் நாள்தோறும் காக்கப்பட வேண்டியது.

ஸ்ரீராம் தொடுத்த வழக்கில், 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் ரந்தாவின் போட்டியற்ற வெற்றி செல்லாது என்றது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏப்ரல் 13 இடைத்தேர்தலில் முகமட் ஹசானே 4,510 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். "அப்படியானால் வழக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் அறத்தைக் கணக்கு வழக்காகப் பார்க்கிறார்கள். முதல் வெற்றியில் மக்கள் இல்லை. இரண்டாவது வெற்றியை மக்களே தந்தார்கள். அந்த வேறுபாட்டுக்குத்தான் மக்களாட்சி என்று பெயர்.

உரிமையைக் கேட்டுப் பெற்றவர்களுக்கு ஒரு கடமையும் உண்டு. இன்று செம்பனைத் தோட்டங்களில் பாடுபடும் வெளிநாட்டுத் தொழிலாளரின் கடப்பிதழை முதலாளி பிடுங்கி வைத்தால், அது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். நம் தாத்தா பாட்டிகள் பட்டதை இன்னொருவர் படும்போது வாய் மூடி நிற்கலாகாது. தனக்கு வேண்டும் என்று கேட்ட நீதியை அயலானுக்கும் கேட்பவனே அறம் அறிந்தவன்.