கற்பிப்பவரின் கல்வி

இருபது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று கற்பித்த ஒருவரை நோக்கி, "உமது தகுதியை மீண்டும் மெய்ப்பித்துக் காட்டுக" என்று கேட்பது அறமாகுமா? இவ்வினா வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. 2025 செப்டம்பர் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று விதித்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது. நம் இல்லங்களில் ஆசிரியப் பணிபுரிவோர் பலர். அவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்திருப்போர் அதனினும் பலர். ஆதலின் இருசாராரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. பணியில் சேர்ந்தபோது அரசு கேட்ட சான்றுகளைக் காட்டியே அவர் சேர்ந்தார். பல நூறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆற்றலை ஒருநாள் தேர்வு அளந்துவிடுமா என்று அவர் கேட்பதும் முறையே. எனினும், மறுபுறத்தில் வழக்காட இயலாத ஒருவர் இருக்கின்றார், அவர்தாம் மாணவர். ஆசிரியருக்கு ஐந்தாம் வகுப்பு ஆண்டுதோறும் வரும். பிள்ளைக்கோ அது வாழ்நாளில் ஒருமுறைதான். அவ்வோராண்டு பாழாயின் அதனை ஈடுசெய்வார் யார்? பிள்ளையைப் பெற்றோர் ஒப்படைத்த அமானிதமாகக் கருதும் ஆசிரியர், 'கற்க வேண்டியதைக் கற்று முடித்துவிட்டேன்' என்று கூற இயலாது. ஆகவே கற்றல் அவருக்குக் கடமையே. அக்கடமையை எவ்வழியில் நிறைவேற்றச் செய்வது என்பதில்தான் சிக்கல் இருக்கின்றது.

இதில் ஜப்பானியரின் பட்டறிவு நமக்குப் பயன்படும். அங்கு 2009-ஆம் ஆண்டு முதல், ஆசிரியர் உரிமத்தைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கென 30 மணி நேரத்திற்குக் குறையாத வகுப்புகளில், பெரும்பாலும் தம் விடுமுறையில், தம் செலவிலேயே ஆசிரியர்கள் அமர வேண்டியிருந்தது. காலக்கெடுவை மறந்தமையால் உரிமத்தையும் வேலையையும் இழந்தோரும் உண்டு. 2022 ஜூலையில் அந்நாடே அம்முறையைக் கைவிட்டது.

அதே நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் வேறொரு வழக்கமும் உண்டு. 'ஜுகியோ கென்கியூ' எனும் பாட ஆய்வு அது. ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் அதனை நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகள் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்று கவனிப்பர். பின்னர் அனைவரும் அமர்ந்து பேசுவர். கடன் வாங்கிக் கழித்தலை அறிமுகம் செய்ய, 13-இலிருந்து 9-ஐக் கழிக்கச் சொல்வதா, 12-இலிருந்து 7-ஐக் கழிக்கச் சொல்வதா என்பது கூட அங்கு ஆராய்ச்சிக்குரியது. முன்னதில், பதின்மூன்றைப் பத்தும் மூன்றுமாகப் பிரித்து, பத்திலிருந்து ஒன்பதை எடுக்கும் வழி பிள்ளைக்கு எளிதில் தோன்றும். பின்னதில், முதலில் இரண்டையும் பிறகு ஐந்தையும் கழிக்கும் வழியும் தோன்றக்கூடும். இத்தகைய நுணுக்கங்களே ஆசிரியத் தொழிலின் அறிவாகும்.

இரண்டுமே ஆசிரியரைக் கற்கச் செய்யும் முயற்சிகள்தாம். ஆயின் முன்னதில் ஆசிரியர் ஐயத்திற்குரியவராக நிறுத்தப்படுகின்றார். பின்னதில் பாடமே ஆராயப்படுகின்றது. ஐயுறப்படுபவர் தம் குறையை மறைக்கவே முயல்வார். தோழரோடு அமர்பவரோ அதனைத் தாமே எடுத்துரைக்கத் துணிவார்.

நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி பெறுவார் என எதிர்பார்க்கின்றது. அந்நேரம் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு அமர்ந்திருப்பதில் கழியுமா, அன்றி வகுப்பறையைத் திருத்துவதற்குப் பயன்படுமா என்பதே கேள்வி. தேர்வு வைப்பது தவறு என்று நாம் கூறவில்லை. தகுதியற்றவர் பிள்ளைகள்முன் நிற்கலாகாது. ஆனால் தேர்வு ஒன்றே ஆசிரியரை வளர்த்துவிடும் என்று நம்புவது பேதைமை.

கற்றுக்கொண்டே இருக்குமாறு ஆசிரியரைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அவ்வாறாயின், அதற்கு வேண்டிய நேரத்தையும் மதிப்பையும் அளிக்கும் கடமையும் நமக்குண்டு. ஆசிரியர்கள் கூடிப் பாடம் ஆராய்வதற்குப் பள்ளி அரைநாள் ஒதுக்கினால், படிப்புக் கெட்டது என்று பெற்றோர் முறையிடலாகாது. பள்ளிகளை நடத்தும் பெருமக்களும், தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், "இவ்வாண்டு ஒருவர் வகுப்பை மற்றவர் எத்தனைமுறை சென்று கண்டீர்கள்?" என்று கேட்பார்களாக.