பொழுது சாய்ந்த விருந்து



மார்கழியில் சென்னையில் மாலை 6 மணிக்குள் கதிரவன் மறைகின்றான். உயர்தர உணவகங்களிலோ இரவு விருந்து பெரும்பாலும் 7 மணிக்கே தொடங்குகின்றது. அத்தகைய ஓர் உணவகத்தில், பெற்றோரின் 50ஆம் மணநாளை மகனொருவன் கொண்டாடினான். கிழங்கு, வெங்காயம், பூண்டு விலக்கிச் சமைக்கச் சொன்னவன் பொழுதை மறந்தான். இரவுண்ணா நோன்புடைய பெற்றோர் அவனை வாழ்த்தினர், உணவைத் தொடவில்லை. மகன் மனம் வாடினான்.

“விளக்கு பகல்போல் எரிகின்றதே” என்பார் உளர். அவ்வொளியே சிற்றுயிர்களை ஈர்த்து மடியச் செய்கின்றது. எதை உண்பது என்பது போலவே எப்போது உண்பது என்பதும் கொல்லாமையைச் சார்ந்ததே.

இளையோரே, பெரியோரை மகிழ்விக்க விரும்பின், முதற்கண் அவர்தம் நோன்பை அறியுங்கள். நண்பகலில் வீட்டில் அன்புடன் இடும் எளிய உணவே அவர்க்குப் பெருவிருந்து.

அறம் வளர்க!